அவதாரத் தலமும் பாடல் பெற்ற தலமும்: திருக்குவளை இல்லத்தை முன்வைத்து எழுத்தாளர் நினைவு இல்லங்கள் பற்றிய ஒரு வாசிப்பு

ஆய்வுச் சுருக்கம்

தமிழகத்தில் நினைவு இல்லங்களாகப் பேணப்படும் எழுத்தாளர் வீடுகளில் பலவும் எழுத்தாளரின் பிறப்பை மையமாகக் கொண்டு அமைந்துள்ளன. எழுத்து நிகழ்ந்த இடமும், எழுத்துக்குள் வந்த இடமும் அவற்றில் பின்னுக்குத் தள்ளப்படுகின்றன. சைவத் தல மரபில் வழங்கும் 'அவதாரத் தலம்', 'பாடல் பெற்ற தலம்' என்னும் இரு வழக்குகளைத் திறனாய்வுக் கருவிகளாகக் கொண்டு, கீழ்வேளூர் வட்டாரத்தைச் சேர்ந்த திருக்குவளையில் உள்ள மு. கருணாநிதியின் பூர்வீக இல்லத்தை இக்கட்டுரை வாசிக்கிறது. உத்தமதானபுரம், புதுச்சேரி ஆகிய இடங்களின் இல்லங்களும், ஜப்பானில் காக்கப்படும் சில எழுத்தாளர் வீடுகளும் ஒப்பீட்டுக்குக் கொள்ளப்படுகின்றன.

திறவுச்சொற்கள்: நினைவு இல்லம், தல மரபு, திருக்குவளை, கீழ்வேளூர், தன்வரலாறு, குடிமனை.

இரு வகைத் தலங்கள்

நாகப்பட்டினத்துக்கும் திருவாரூருக்கும் இடையில் அமைந்த கீழ்வேளூர், கேடிலியப்பர் கோயிலால் அறியப்பட்ட ஊர். சம்பந்தரும் அப்பரும் பாடியதால் அது பாடல் பெற்ற தலம் என்னும் தகுதியைப் பெற்றது. அதன் தெற்கே உள்ள திருக்குவளை, தேவாரத்தில் திருக்கோளிலி எனப்படுவது. மூவரும் அதனைப் பாடியுள்ளனர். இப்பகுதியில் ஓர் ஊரின் பெயரைச் சொன்னவுடன் 'யார் பாடியது?' என்று கேட்பது இன்றும் மறையாத வழக்கம். அவ்வினா ஊருக்கும் பனுவலுக்கும் உள்ள உறவைப் பற்றியது. பாடியவர் அங்கே பிறந்தாரா, எத்தனை நாள் தங்கினார் என்பன அதில் இடம்பெறுவதில்லை. ஒருநாள் வந்து ஒரு பதிகம் பாடிச் சென்றாலும் அந்த ஊர் அப்பாடலோடு பிணைந்துவிடுகிறது. பின்னர் அங்குச் செல்பவர் அப்பதிகத்தை ஓதுகிறார் அல்லது ஓதுவார் பாடக் கேட்கிறார். இடத்தைக் காண்பதும் பனுவலைக் கேட்பதும் இவ்வாறு ஒரே செயலாகின்றன.

இதனோடு வேறொரு வகையும் சைவ மரபில் உண்டு. சீகாழி, திருவாமூர், திருநாவலூர் ஆகியன முறையே சம்பந்தர், அப்பர், சுந்தரர் ஆகியோரின் அவதாரத் தலங்கள். இங்கு வருபவரை ஈர்ப்பது பிறப்பு. பிறந்த மண் என்னும் உணர்வுக்கு விளக்கமோ பனுவலோ தேவைப்படுவதில்லை. அது தன்னளவில் நிறைவுற்ற உணர்வு. சீகாழியில் மட்டும் இவ்விரண்டும் ஒன்றுகூடுகின்றன. பிறந்த ஊரின் குளக்கரையிலேயே முதற் பதிகமும் பாடப்பட்டது என்பது பெரியபுராண வரலாறு. இத்தகைய பொருத்தம் எல்லாருக்கும் வாய்ப்பதன்று. தற்கால எழுத்தாளர்க்கு அது மிக அரிது.

நவீன நினைவு இல்லம் என்னும் நிறுவனம் நமக்கு மேலை நாட்டின் வழியே வந்தது என்று கூறி அமைந்துவிடுதல் எளிது. நிறுவனத்தின் சட்டகம் அவ்வாறு வந்திருக்கலாம். ஆனால் மாலை சாத்துதல், பிறந்தநாளில் கூடுதல், குடும்பத்தோடு வந்து வணங்கிச் செல்லுதல் முதலிய நடத்தைகள் அனைத்தும் அவதாரத் தல மரபைச் சார்ந்தவை. நம் நினைவு இல்லங்கள் இருவகை மரபில் ஒன்றை மட்டும் எடுத்துக்கொண்டன. பாடல் பெற்ற தலம் என்னும் மற்றொன்று, இலக்கியத்துக்கு அதுவே நெருக்கமானதாயினும், எடுத்தாளப்படவில்லை. இந்த இழப்பின் அளவைத் திருக்குவளையில் வைத்துக் காண்பது பொருத்தம்.

திருக்குவளை இல்லம்

மு. கருணாநிதி 1924-ஆம் ஆண்டு சூன் 3-ஆம் நாள் திருக்குவளையில் முத்துவேலர், அஞ்சுகம் அம்மையார் ஆகியோருக்குப் பிறந்தார். அவ்வீடு இன்று அவர்தம் பெற்றோர் பெயரில் அமைந்த நூலகமும் படிப்பகமுமாக மாற்றப்பட்டுப் பார்வையாளர்க்குத் திறந்துவிடப்பட்டுள்ளது. குடும்பத்தாரின் உருவச் சிலைகள், அவர் வாழ்வின் பல கட்டங்களைக் காட்டும் நிழற்படங்கள், வருகைப் பதிவேடு ஆகியன அங்குள்ளன. ஆட்சிப் பொறுப்பேற்ற பின் இவ்வூருக்கு வருதலும் பதிவேட்டில் கையொப்பமிடுதலும் அரசியல் சடங்காகவே நிலைபெற்றுவிட்டன. அவர் பயின்ற ஊராட்சி ஒன்றியப் பள்ளியில்தான் 2023 ஆகஸ்டு 25 அன்று காலை உணவுத் திட்டத்தின் மாநிலம் தழுவிய விரிவாக்கம் தொடங்கிவைக்கப்பட்டது. பிறப்பிடம் என்பது ஓர் அறிவிப்புக்கு அளிக்கும் எடையை இத்தேர்வு நன்கு உணர்த்தும்.

வீட்டை நூலகமாக்கியது பாராட்டத்தக்கது. உயிரற்ற கட்டில், நாற்காலி, மூக்குக் கண்ணாடி என்று பொருள்களை அடுக்கிக் கயிறு கட்டி நிறுத்தும் வழக்கத்தைவிடப் படிப்பகம் சிறந்தது. எனினும், வருபவர் கண்ணில் முதலில் படுவனவும் நெடுநேரம் நிற்பனவும் படங்களே. தலைவர்களோடு நிற்கும் படங்களின் வரிசை ஒரு வரலாற்றைச் சொல்கிறது: இச்சிற்றூரில் பிறந்த ஒருவர் எத்துணை உயரம் சென்றார் என்னும் வரலாறு. அதில் வீடு தொடக்கப் புள்ளி மட்டுமே. தொடக்கம் எளிமையாக இருந்தால்தான் உயரம் பெரிதாகத் தோன்றும் என்பதால், வீட்டின் எளிமையும் அவ்வரலாற்றுக்குத் துணைபுரிகிறது. ஏறக்குறைய எல்லா அரசியல் தலைவர் இல்லங்களுக்கும் பொருந்தும் கதையமைப்பு இது. காஞ்சிபுரத்து அண்ணா இல்லத்தையும் இவ்வாறே வாசிக்க முடியும்.

கருணாநிதி தம் தன்வரலாறான 'நெஞ்சுக்கு நீதி'யின் முதற்பாகத்தில் இதே ஊரைப் பற்றிச் சொல்வது வேறொன்று. இசை வேளாளர் குடும்பத்துச் சிறுவனான அவர் இசைப் பயிற்சிக்கு அனுப்பப்படுகிறார். கோயிலைச் சார்ந்த அப்பயிற்சியில் மேலாடை அணியக்கூடாது; துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு நிற்க வேண்டும். அந்தப் பணிவைச் சாதி கேட்கிறது என்பதை அச்சிறுவன் உணர்கிறான். இசைப் பயிற்சியிலிருந்து விலகுகிறான். தம் அரசியல் உணர்வின் முதற்பாடம் அங்கேதான் கிடைத்தது என்பது அவர் பலமுறை எடுத்துரைத்த கருத்து. இந்நிகழ்வு எளிமையிலிருந்து ஏற்றம் என்னும் கதையோடு ஒட்டாது. இதில் ஊர், தொடங்கி வைத்த இடமாக வரவில்லை. மறுக்கப்பட்ட இடமாக வருகிறது. வீடு, கோயில், கோயிலுக்குச் செல்லும் தெரு ஆகிய மூன்றுக்கும் இடையே ஓர் உடலின் மேல் எவ்வளவு துணி இருக்கலாம் என்னும் சட்டம் செயற்பட்டதை அப்பகுதி காட்டுகிறது.

பிறந்த வீட்டைப் போற்றும் இல்லம் ஒன்று. அவ்வீட்டைச் சூழ்ந்த ஊரைக் குற்றஞ்சாட்டும் பனுவல் ஒன்று. இரண்டும் ஒரே மனிதரைப் பற்றியன, ஒன்றையொன்று சந்திப்பதில்லை. வருகையாளர் வீட்டைக் கண்டு திரும்புகிறார். வாசகர் வீட்டுக்கு வராமலேயே நூலைப் படித்து முடிக்கிறார். கோளிலிநாதர் கோயிலுக்குச் செல்பவருக்குப் பதிகம் கிடைப்பதுபோல் இவ்வீட்டுக்கு வருபவருக்கு இப்பகுதி கிடைக்க வேண்டும். கோயில் வாயிலுக்கும் வீட்டு வாயிலுக்கும் இடைப்பட்ட தொலைவை நடந்தபடி அதனை வாசிப்பவர், படங்களின் முன் நின்று பெற முடியாத ஒன்றைப் பெறுவார். இந்தத் தொலைவே அப்பகுதியின் உட்பொருள்.

அவர் எழுத்தாளரானது இவ்வூரிலன்று என்பதும் கருதத்தக்கது. உயர்நிலைப் பள்ளிக்காகத் திருவாரூர் சென்றபின், கையெழுத்து ஏடான 'மாணவநேசன்' அங்குப் பிறந்தது; 1942 ஆகஸ்டு 10-இல் 'முரசொலி' துண்டறிக்கையாக வெளிவந்ததும் அங்கேதான். ஈரோட்டில் 'குடி அரசு', சேலத்தில் மாடர்ன் தியேட்டர்ஸ், பின்னர்ச் சென்னை என்று எழுத்தின் இடங்கள் நகர்ந்துகொண்டே சென்றன. 2023 சூன் 20-இல் திருவாரூரை அடுத்த காட்டூரில், அஞ்சுகம் அம்மையார் நினைவிடம் உள்ள ஊரில், தேர் வடிவில் கலைஞர் கோட்டம் திறக்கப்பட்டது. திருவாரூர் ஆழித்தேரை நினைவூட்டும் அவ்வடிவம் கவனத்துக்குரியது. அவதாரத் தல மரபின் காட்சி மொழி, அதனைக் கடுமையாக மறுத்த இயக்கத்தின் கட்டடக் கலையிலும் புகுந்துகொள்கிறது. இதனை முரண்பாடு என்று எள்ளுதல் எளிது. டெல்டாவில் ஓர் இடத்தைப் பெருமைப்படுத்த வேறு வடிவம் மக்கள் கண்ணுக்குப் பழகவில்லை என்பதே உண்மைக்கு நெருக்கமான விளக்கம்.

பிறந்த வீடு, எழுதிய வீடு

திருக்குவளையில் கண்ட சிக்கல் அரசியல் தலைவர் ஒருவருக்கு மட்டும் உரியது என்று கருதினால், உத்தமதானபுரம் அக்கருத்தை மறுக்கும். பாபநாசத்தை அடுத்த அவ்வூரில் உ. வே. சாமிநாதையரின் நினைவு இல்லத்தை அரசு பேணி வருகிறது. 'என் சரித்திரம்' அவ்வூரைப் பற்றிய அன்பான விவரிப்போடு தொடங்குவதால் அங்கு இல்லம் அமைந்தது முறையே. ஆயினும் அந்நூலைத் தொடர்ந்து படிப்பவர் காண்பது ஓரிடத்தில் நிலைத்து வாழாத குடும்பத்தை. இசையும் கதாகாலட்சேபமும் கொண்டு வாழ்ந்த தந்தையார் ஆதரவாளர் இருக்கும் ஊர்களுக்கெல்லாம் குடும்பத்தைக் கொண்டு செல்கிறார். மகனுக்குத் தமிழ் கற்பிக்க ஆசிரியர் கிடைக்கும் ஊர் எதுவோ அதுவே வீடாகிறது. பின்னர் மாயூரம், திருவாவடுதுறை, 1880 முதல் கும்பகோணம், 1903 முதல் சென்னை என்று வாழ்க்கை நகர்கிறது.

1887-இல் வெளிவந்த சீவக சிந்தாமணியும் 1889-இல் வெளிவந்த பத்துப்பாட்டும் கும்பகோணக் காலத்து உழைப்பு. சென்னைத் திருவல்லிக்கேணிப் பிள்ளையார் கோயில் தெருவில் அவர் வாழ்ந்த வீட்டுக்குத் 'தியாகராச விலாசம்' என்று பெயரிட்டார். தம்மைக் கும்பகோணம் கல்லூரிப் பணிக்குக் கொண்டுவந்த தியாகராசச் செட்டியாரின் பெயர் அது. ஏடுகள் அடுக்கப்பட்டு, ஒப்புநோக்கப்பட்டு, அச்சுப்படிகள் திருத்தப்பட்ட வீடு அது. 2012-இல் அவ்வீடு இடிக்கப்பட்டது. பிறந்தநாளில் மாலை பெறும் ஊர் நின்றது. பதிப்புகள் உருவான வீடு போயிற்று. அவதாரத் தல மரபு மட்டும் ஆளும்போது நிகழ்வது இதுவே. வீட்டின் பெயரில் உள்ள நன்றியுணர்வு, ஒரு பதிப்பாசிரியர் தம் வாழ்வை எவ்வாறு புரிந்துகொண்டார் என்பதற்கான சான்று. அச்சான்றை உத்தமதானபுரத்து இல்லம் எவ்வளவு சிறப்பாகப் பேணப்பட்டாலும் ஈடுசெய்ய இயலாது.

பாரதியின் இல்லங்கள் இவ்வேறுபாட்டை இன்னும் தெளிவாகக் காட்டும். 1882-இல் பிறந்த எட்டயபுரம், 1908 முதல் 1918 வரை புகலிடமாக அமைந்த புதுச்சேரி, 1921-இல் இறுதி நாள்களைக் கழித்த திருவல்லிக்கேணி ஆகிய மூன்று ஊர்களிலும் அவர்க்கு நினைவு இல்லம் உண்டு. பிறப்பு, எழுத்து, இறப்பு என மூன்றும் பிரிந்து நிற்கும் அரிய நேர்வு. புதுச்சேரி ஈசுவரன் தர்மராசா கோயில் தெரு வீடு அருங்காட்சியகமாகவும் ஆய்வு நடுவமாகவும் அமைந்திருப்பதால் அங்கே ஆய்வாளர் வருகை இயல்பாகிறது. அதைவிடக் கருத்தூன்றத் தக்கது முத்தியாலுப்பேட்டைக் குயில்தோப்பு. அங்கு வீடே இல்லை. பாட்டு ஒன்றின் பெயரால் ஒரு தோப்பு நினைக்கப்படுகிறது. பாடல் பெற்ற தலம் என்பதற்கு நம் காலத்தில் இதைவிட நேரான எடுத்துக்காட்டுக் கிடைப்பதரிது. தி. ஜானகிராமனின் 'மோகமுள்' படித்தவர் கும்பகோணத்தில் துக்காம்பாளையத் தெருவைத் தேடிச் செல்வதும் இவ்வகையே. அத்தெருவுக்குப் பெயர்ப்பலகை தேவையில்லை. வாசகர் நாவலைக் கொண்டே வழி அறிகிறார்.

ஜப்பானிய ஒப்பீடு

எழுத்தாளர் வீடுகளைப் பேணுவதில் ஜப்பான் வெவ்வேறு வழிகளைக் கையாண்டுள்ளது. 1965-இல் இனுயாமாவில் திறக்கப்பட்ட மெய்ஜி முரா என்னும் திறந்தவெளி அருங்காட்சியகத்தில் தோக்கியோ செந்தாகியிலிருந்து பெயர்த்துக் கொண்டுவரப்பட்ட வீடு ஒன்று நிற்கிறது. 1890-இல் மோரி ஓகாயும், 1903 முதல் 1906 வரை நட்சுமே சோசெகியும் வாடகைக்கு வாழ்ந்த வீடு அது. சோசெகி 'நான் ஒரு பூனை' என்னும் நாவலை எழுதியது அங்கே. இருவருமே அதில் பிறக்கவில்லை, சொந்தமாகக் கொள்ளவுமில்லை. எழுதினார்கள் என்பதே அவ்வீடு காக்கப்பட்டதற்குக் காரணம். ஊரிலிருந்து வீட்டைப் பெயர்த்தெடுத்ததால் தெருவும் அண்டை வீடுகளும் அறுபட்டுப்போயின என்னும் குறையும் உண்டு. சோசெகி இறக்கும்வரை வாழ்ந்த வசேதா வீடோ 1945-ஆம் ஆண்டின் வான்தாக்குதலில் அழிந்தது. அதே இடத்தில் 2017-இல் திறக்கப்பட்ட நினைவு அருங்காட்சியகத்தில் அவர்தம் எழுத்தறை மீட்டுருவாக்கப்பட்டுள்ளது. வீடே இல்லாத நிலையிலும் எதை மீண்டும் கட்ட வேண்டும் என்று கேட்டபோது எழுத்தறை என்னும் விடை வந்தது.

நம் நோக்கத்துக்கு மிக உதவுவது மட்சுயே நகரிலுள்ள சாமுராய் வீடு. லாஃப்காடியோ ஹேர்ன் என்னும் கொய்சுமி யகுமோ 1891-இல் சில மாதங்கள் மட்டுமே அங்குக் குடியிருந்தார். அயல்நாட்டில் பிறந்து ஜப்பானிய எழுத்தாளராகவே ஏற்கப்பட்ட அவர், 1894-இல் வெளியிட்ட நூலொன்றில் அவ்வீட்டுத் தோட்டத்தைப் பற்றித் தனி இயல் எழுதினார். 1940-இல் அவ்வீடு தேசிய வரலாற்றுச் சின்னமாக அறிவிக்கப்பட்டது. சில மாதக் குடியிருப்பு, ஓர் இயல், ஒரு தோட்டம் ஆகியவையே அதன் மூலதனம். வருபவர் தோட்டத்தை நோக்கி அமர்ந்து, அவர் எழுதிய தோட்டத்தைத் தேடுகிறார். ஒருநாள் வந்து ஒரு பதிகம் பாடிச் சென்ற ஊருக்கும் இதற்கும் அமைப்பில் வேறுபாடில்லை. தேவாரம் ஓதும் டெல்டா இதை ஜப்பானிடம் கற்றுக்கொள்ள வேண்டியதில்லை என்பதுதான் வியப்பு. கோயிலில் அறிந்ததை வீட்டில் மறந்துவிட்டோம்.

நிற்கும் வீடும் நிற்காத வீடும்

பாடல் பெற்ற தலம் என்னும் கருவியைக் கீழ்வேளூர் வட்டாரத்தில் பயன்படுத்தத் தொடங்கினால், அது திருக்குவளையோடு நின்றுவிடாது. இதே வட்டத்தில் கீழ்வெண்மணி உள்ளது. 1968 திசம்பர் 25 இரவு கூலி உயர்வு கேட்டுப் போராடிய வேளாண் தொழிலாளர் குடும்பங்களைச் சேர்ந்த 44 பேர், பெண்களும் குழந்தைகளும் பெரும்பாலராக, ராமையாவின் குடிசையில் வைத்து எரிக்கப்பட்டனர். அவ்வீடு இல்லை, அதன் நினைவாகத் தூண் உண்டு. இந்திரா பார்த்தசாரதியின் 'குருதிப்புனல்', சோலை சுந்தரபெருமாளின் 'செந்நெல்' ஆகிய நாவல்களும் வேறு பல கவிதைகளும் அக்குடிசையை மையமாகக் கொண்டு எழுந்தன. 'குருதிப்புனல்' 1977-இல் சாகித்திய அகாதெமி பரிசு பெற்றது. பாத்திரங்களின் உளவியலை முன்னிறுத்தி வர்க்கச் சிக்கலை மங்கச் செய்தது என்னும் குறையும் அதன்மேல் சுமத்தப்பட்டது. அவ்விவாதத்துள் நுழைதல் இக்கட்டுரையின் நோக்கமன்று. இவ்வட்டத்தில் இலக்கியத்தால் மிகுதியாகப் பாடப்பெற்ற வீடு எது என்று கேட்டால், நிற்காத அக்குடிசையே விடை என்பதை மட்டும் கூற வேண்டும்.

எவருடைய வீடு நின்று நினைவு இல்லமாகிறது என்பது இலக்கியத் தகுதியைப் பொறுத்தது மட்டுமன்று. வீடு நிற்க மனை வேண்டும். கீழத்தஞ்சையில் பண்ணையாளின் குடிசை நின்ற மண் மிராசுதாரருடையது. பண்ணையை விட்டு நீங்கினால் மனையையும் விட்டு நீங்க நேரும் என்பதே அம்முறையின் பிடி. 1952-ஆம் ஆண்டின் தஞ்சாவூர்ப் பண்ணையாள் பாதுகாப்புச் சட்டம் இந்நிலையில் ஓரளவு தலையிட்டது. குடியிருப்போருக்கே குடியிருப்பு மனையை உரிமையாக்கிய தமிழ்நாட்டுச் சட்டம் 1971-இல் வந்தது. அப்போது முதலமைச்சராக இருந்தவர் திருக்குவளை வீட்டில் பிறந்தவர்.

இந்த இணைப்பு இங்கு ஒரு தலைவரைப் புகழ்வதற்காகச் சுட்டப்படவில்லை. வெண்மணிக்குப் பின் மூன்றாண்டு கழித்து அச்சட்டம் வந்ததை மறந்து புகழ்தலும், சட்டம் வந்ததை மறந்து பழித்தலும் ஆய்வுக்கு உதவா. பிறந்த வீட்டைக் காட்டி ஒரு வாழ்க்கையை விளக்க முனையும் இல்லம், தன் வட்டத்தில் வீடு என்பதன் பொருள் என்னவாக இருந்தது என்னும் வினாவைத் தாங்கியாக வேண்டும் என்பதே கருத்து. தலைவர்களோடு நிற்கும் படங்கள் இந்தியாவின் எந்த ஊரிலும் தொங்கலாம். மேலாடை அணியக் கூடாத தெருவும், மனையுரிமை இல்லாத குடிசையும், அம்மனையை அளித்த சட்டமும் ஒரே வட்டத்தில் சந்திக்கும் இடம் இதுவொன்றே. எழுத்தாளர் என்ற முறையிலும் ஆட்சியாளர் என்ற முறையிலும் அவரை இவ்வூரோடு பிணைப்பது இந்தச் சந்திப்பு.

திருக்கோளிலிக்குரிய சுந்தரர் கதையும் வீட்டையும் நெல்லையும் பற்றியது என்பதை இங்கு ஒரு பக்கக் குறிப்பாகச் சேர்க்கலாம். குண்டையூரில் மலைபோல் குவிந்த நெல்லைத் திருவாரூருக்குக் கொண்டுசெல்ல ஆள் வேண்டிச் சுந்தரர் கோளிலியில் பாடுகிறார். பூதங்கள் இரவோடிரவாக நெல்லைக் கொண்டுவந்து பரவையார் மனையின் முன்னும் தெருவெங்கும் குவிக்கின்றன. அவரவர் வீட்டு எல்லைக்குள் கிடக்கும் நெல்லை அவரவரே எடுத்துக்கொள்ளலாம் என்று பரவையார் பறையறைவிக்கிறார். மாசியில் இந்நிகழ்வு இன்றும் விழாவாகக் கொண்டாடப்படுகிறது. வீட்டு எல்லை உடையவர்க்கே அந்த நெல் கிடைத்திருக்கும் என்பதைப் பெரியபுராண உரைகள் பேசுவதில்லை. நெல்லைச் சுமக்கப் பூதங்கள் வேண்டப்பட்டன என்பதையும் விளைநிலத்தில் சுமந்தவர்களின் வழித்தோன்றல்கள் வேறுவிதமாகவே கேட்டிருப்பர்.

வாசிப்பாக ஒரு வருகை

தமிழ்த்துறைகள் மேற்கொள்ளும் களப்பயணங்களில் நினைவு இல்லங்கள் தவறாமல் இடம்பெறுகின்றன. மாணவர் அளிக்கும் பயண அறிக்கைகளோ பிறந்த நாள், பெற்றோர் பெயர், படங்களின் எண்ணிக்கை, குழுப்படம் என்ற அளவில் முடிகின்றன. மாணவரைக் குறைகூறிப் பயனில்லை. இல்லம் தருவது அவ்வளவே. ஆசிரியரும் வேறெதையும் கேட்பதில்லை. பனுவலின் குறிப்பிட்ட பகுதியைக் கையில் கொண்டு, அது சுட்டும் இடங்களை வரிசையாக நடந்து, பனுவல் கூறுவதும் இடம் காட்டுவதும் எங்கே பிரிகின்றன என்று குறித்துவரச் சொன்னால் அறிக்கை வேறாக அமையும். திருக்குவளையில் அதற்குரிய வசதி ஏற்கெனவே உள்ளது. வீடே படிப்பகமாக இருப்பதால், அங்கே அமர்ந்து 'நெஞ்சுக்கு நீதி'யின் தொடக்க இயல்களை உரக்க வாசிக்கத் தடை ஏதுமில்லை. 2024-இல் அவர் நூல்கள் நூலுரிமைத் தொகையின்றி நாட்டுடைமை ஆக்கப்பட்டமையால், வேண்டிய பக்கங்களை அச்சிட்டு வருவோர்க்கு வழங்குவதிலும் சட்டச் சிக்கல் இல்லை.

இதற்கு எதிராக ஒரு வாதம் எழலாம். பிறந்த வீட்டைக் காண வரும் எளிய மக்கள் ஆய்வுக்காக வருவதில்லை. அவர்தம் அன்பைப் பனுவல் வாசிப்பால் அளப்பது மேட்டிமை அன்றோ? இவ்வாதத்தில் உண்மையுண்டு. அவதாரத் தலத்துக்கு வருபவரின் உணர்வைத் தாழ்த்துவது இங்கு நோக்கமன்று. ஆனால் பதிகம் ஓதுதல் கற்றோர்க்கு மட்டும் உரியதாக இம்மண்ணில் இருந்ததில்லை. எழுத்தறியாதவரும் ஓதுவாரின் குரலில் கேட்டு, சில வரிகளை மனத்தில் கொண்டு திரும்பினர். கேட்பதற்கு ஏற்பாடு இருந்தது, அதனால் கேட்டனர். பேச்சாலும் திரைவசனத்தாலும் மக்களிடம் சென்ற ஒரு மொழிநடைக்கு உரியவர் வீட்டில், அம்மொழி ஒலிக்காமல் படங்கள் மட்டும் மௌனமாக இருப்பதே அம்மக்களுக்கு அந்நியமானது. 1952-இல் 'பராசக்தி' வசனத்தை மனப்பாடமாகச் சொன்னவர்களும், அவர்களிடம் அதைக் கேட்டு வளர்ந்தவர்களும் இவ்வட்டத்தில் இருந்தார்கள்.

எஞ்சுவது எழுதிய வீடு பற்றிய சிக்கல். முரசொலியின் பவள விழாவை ஒட்டி 2017-இல் சென்னை அலுவலக வளாகத்தில் காட்சிக்கூடம் ஒன்று திறக்கப்பட்டது. இதழாளரைப் பொறுத்தவரை அது சரியான இடம். அவரது எழுத்து வாழ்க்கையின் மிகப் பெரும் பகுதி நிகழ்ந்ததோ 1950-களில் வாங்கப்பட்ட கோபாலபுரம் வீட்டில். 'குறளோவியம்', 'தொல்காப்பியப் பூங்கா', தன்வரலாற்றின் பாகங்கள், உடன்பிறப்புக்கு எழுதிய மடல்கள் ஆகியவற்றைப் பற்றிப் பேசும்போது அவ்வீட்டைத் தவிர்க்க இயலாது. அதனை அவர் 2010-இல் அறக்கட்டளைக்கு எழுதிக் கொடுத்தார். தமக்கும் தம் துணைவியாருக்கும் பின் அவ்வீடு ஏழைகளுக்கான மருத்துவமனையாக வேண்டும் என்பது அவர் விதித்தது. தியாகராச விலாசம் இடிக்கப்பட்டதற்கும் இதற்கும் அடிப்படை வேறுபாடு உண்டு. அங்கே கவனிப்பாரின்றி எழுதிய வீடு அழிந்தது. இங்கே எழுதியவரே தம் வீட்டின் பயனை மாற்றி எழுதியுள்ளார். அக்கொடை நிறைவேறும் நாளில், அவர் அமர்ந்து எழுதிய அறையை நோயாளிக்குரிய படுக்கை அறையாக்குவதா, ஓர் அறையை மட்டும் வசேதாவில் செய்ததுபோல் ஒதுக்கி நிறுத்துவதா என்னும் வினாவை அறக்கட்டளை எதிர்கொள்ள வேண்டியிருக்கும். கொடைப் பத்திரத்தையும் அவர் எழுத்துகளுள் ஒன்றாகக் கொண்டு வாசித்தால், முதலாவது விடையே அதன் சொற்களுக்கு நெருக்கமாக உள்ளது. அவ்வறையில் எழுதப்பட்டவற்றைக் கேட்கும் இடமாகத் திருக்குவளைப் படிப்பகம் அப்போது அமையக்கூடும்.